கத்தி படாத தொண்டை

எங்கள் சபையின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "ஆன்ட்டி, நீங்க பாட வந்த கதைய எழுதுங்க. அந்தத் தொண்டை அற்புதத்தையும் மறக்காம எழுதிருங்க" என்றார்கள். எந்த அற்புதம் என்று கேட்டேன். ஒரு பெண் செல்போனை நீட்டினாள். இருபது வருடத்துக்கு முந்தைய என் குரல் அதில் பேசிக்கொண்டிருந்தது. யாரோ பழைய கேசட்டை யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். என் போட்டோவைச் சுற்றி ரோஜாப்பூ வேறு. அதன் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: 'சிஸ்டர், எனக்கும் தொண்டையில் கட்டி. உங்கள் சாட்சியைக் கேட்டபின் ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.' எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பெண்ணையே விட்டு உடனே பதில் எழுதச் சொன்னேன். 'அந்தச் சாட்சி பொய். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படிக்கு, பாடிய சாராள்.' அவள் எழுதுவதற்கு முன் என் முகத்தை இரண்டு முறை பார்த்தாள். அந்த மனிதரிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, அது அவர்கள் பாடு.

குண்டடத்துப் பக்கம் விவசாயக் காட்டுவேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள் நான். பாட்டை யாரும் எனக்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சபை வாத்தியார் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்துவார், பிள்ளைகள் அந்தச் சுருதியைப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாதவர்கள் கையில் விளக்குமாற்றைக் கொடுத்துக் கோயில் வாசலைக் கூட்ட அனுப்பிவிடுவார். நான் ஒருநாளும் கூட்டியதில்லை. என் சங்கீதப் படிப்பு அவ்வளவுதான். இப்போது பாடுகிற பிள்ளைகளுக்குச் சுருதி பிசகினால் கம்ப்யூட்டரே இழுத்துச் சரிசெய்து விடுகிறதாம். நான் குறை சொல்லவில்லை. எனக்குக் கிடைத்திருந்தால் நானும் வைத்துக்கொண்டிருப்பேன்.

கல்யாணமாகித் திருப்பூர் வீரபாண்டிக்கு வந்தேன். வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை, எனக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த பனியனை மேஜையில் விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றுக்கும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் வேலை. வாய் சும்மாதானே இருக்கிறது என்று பாடிக்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். பாடுகிற அன்று பீஸ் கூடுதலாக ஓடுகிறது என்று தெரிந்ததும் முறைப்பதை விட்டுவிட்டார்.

என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவள் துளசிமணி. பெருமாநல்லூர்க்காரி, என்னைவிட ஐந்து வயது இளையவள். மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுக்கிறவள். ஆனாலும் என் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சுருதி மட்டும் அவளுக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்து வந்ததில்லை. நான் என்றைக்காவது பேசாமல் வேலை பார்த்தால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "ஏனுங்க்கா, இன்னைக்கு வாயவே தொறக்க மாட்டீங்கறீங்க? அண்ணங்கூடச் சண்டைங்களா? சண்டையின்னாலும் பரவால்லீங்க, ஒரு பாட்டப் பாடிப்போட்டு அப்பறமேலு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கங்க."

என்னை மேடைக்குக் கொண்டுபோனவரை நாங்கள் எல்லோரும் ஐயா என்றே அழைப்போம். பெயர் வேண்டாம், அவர் இப்போது இல்லை. தெற்கத்திக்காரர். பிழைக்க வந்த சனத்தோடு சனமாகத் திருப்பூருக்கு வந்து, லைன் வீடுகளில் ஜெபக்கூட்டம் நடத்தி, பிறகு மைதானங்களில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பிரசங்கம் செய்கிற அளவுக்கு வளர்ந்தவர். எங்கள் லைனில் நடந்த கூட்டத்தில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல" என்றார். அடுத்த பதினைந்து வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து நாற்காலி போடுவார். பிறகு மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு என்னைப் பாடச் சொல்வார். மைக்கில் ஒரு முறை, மைக் இல்லாமல் ஒரு முறை. வார்த்தை புரியவில்லையென்றால் அங்கிருந்தே கையை ஆட்டுவார். "கடைசி நாக்காலில ஒக்காந்திருக்கவந்தான் ரொம்பத் தூரத்துல இருந்து வந்தவன். முன்னால இருக்கவனுக்கு நீ பாடவே வேண்டாம்" என்பார். பாடும்போது நான் கண்ணை மூடினால் அவருக்குப் பிடிக்காது. "கண்ண மூடுனா ஒனக்கு ஆசீர்வாதம். ஒன்னப் பாக்க வந்தவனுக்கு என்ன இருக்கு? ஜனத்தப் பாத்துப் பாடு."

பிரசங்கத்தின் முடிவில் 'மனந்திரும்ப விரும்புகிறவர்கள் முன்னால் வாருங்கள்' என்று அழைப்பு கொடுப்பார். அந்த நேரத்துப் பாட்டுதான் என் முக்கிய வேலை. வலது கையில் இருக்கிற வேதாகமத்தை இடது கைக்கு மாற்றினால் நான் தொடங்க வேண்டும். முதல் இரண்டு சுற்று வார்த்தை கிடையாது, வெறும் முனகல். மூன்றாம் சுற்றில் பல்லவி. அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்வரை அதே பல்லவிதான், ஐந்து நிமிடமானாலும் சரி, நாற்பது நிமிடமானாலும் சரி. ஒருமுறைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். நானும் ஒருமுறைகூடத் தப்பவிட்டதில்லை. கீபோர்டு ஜான்சனுக்கும் ஒரு விதி உண்டு. மேடையில் யார் சாட்சி சொன்னாலும், அதாவது கடவுள் தனக்குச் செய்ததைச் சபைக்கு முன் எழுந்து சொன்னாலும், கீழே மெல்லிதாக வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். வெறும் பேச்சுக்கு அழாதவர்கள் அந்த வாசிப்புக்கு அழுதுவிடுவார்கள்.

கேசட் வந்தது. சுவரொட்டியில் ஐயாவின் படத்துக்குப் பக்கத்தில் என் படமும் வந்தது. மதுரை, தூத்துக்குடி, பெங்களூர், இலங்கை என்று அழைப்பு வந்தது. கம்பெனியில் நான் லீவு போட்ட நாள்தான் அதிகம். ரயில்வே ஸ்டேஷனில் முன்பின் தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

நாற்பதைத் தாண்டியதும் குரல் கம்மியது. மேலே போகிற இடத்தில் பிளந்து காற்றாக வந்தது. கோயமுத்தூரில் டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் சின்ன முடிச்சு, ஆபத்தானதில்லை, எடுத்துவிடலாம் என்றார். ஐயாவிடம் சொன்னேன். தலையில் கைவைத்து ஜெபித்தார். "ஆபரேசன் செய்துக்க. வெளிய மூச்சு விடாத. பாடகி தொண்டையில கத்தி பட்டுட்டுன்னு தெரிஞ்சா ஒருத்தன் கூப்பிட மாட்டான்" என்றார். அக்கறையில் சொன்னதுதான். கம்பெனியில் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூரில் அக்கா வீட்டில் தங்கினேன். வாய் வழியாகவே கருவியை விட்டு முடிச்சை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு வாரம் பேசக்கூடாது, மூன்று மாதம் பாடக்கூடாது என்றார்கள். அப்படியே இருந்தேன். குரல் பழையபடி வந்துவிட்டது.

மறுபடி மேடையேறிய முதல் கூட்டத்தில், "கர்த்தர் என் குரலைத் திருப்பித் தந்தார்" என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். டாக்டரையும் ஒரு வார்த்தை சொன்னேன். இறங்கியதும் ஐயா கூப்பிட்டார். "டாக்டரக் கடைசில சொல்லு, இல்லன்னா சொல்லாத. ஜனம் டாக்டரப் பிடிச்சிக்கிடும், கர்த்தர விட்டுரும்." இரண்டாவது கூட்டத்தில் டாக்டரை விட்டுவிட்டேன். அடுத்த ஊரில் 'டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்' என்ற வரி எப்படியோ வந்து சேர்ந்தது. ஒவ்வொரு ஊரிலும் எந்த வரிக்குக் கூட்டம் சத்தமாக அல்லேலூயா சொல்கிறதோ, அந்த வரி அடுத்த ஊரில் கொஞ்சம் வளரும். பெருமாநல்லூர் மைதானத்தில், "என் தொண்டையில் கத்தி படவே இல்லை" என்றேன். ஐயா அந்த வார்த்தையைச் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு. அன்று எழுந்த சத்தத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதைத்தான் கேசட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவே போட்டார்கள்.

எட்டு மாதம் கழித்து வீரபாண்டியில் மூன்று நாள் கூட்டம். இரண்டாம் நாள் முடிவில் ஜெப எண்ணெய் வாங்க நின்றவர்களில் ஒருத்தி என் முந்தானையைத் தொட்டாள். கழுத்தைச் சுற்றித் துண்டு, முகத்தில் எலும்புதான் இருந்தது. அவள் வாயைத் திறந்த பிறகும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரல் அப்படி இருந்தது, ஓட்டை டியூபில் காற்றுப் போகிற மாதிரி. "என்னைத் தெரியலீங்களாக்கா? துளசிங்க." அவள் வேறு கம்பெனிக்கு மாறிப்போய் ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அவளே சொன்னாள். தொண்டை கம்மியதென்று காட்டப் போனாளாம். கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதித்துவிட்டு, கெட்ட நோய்தான், ஆனால் ஆரம்பம், கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் சரியாகும் என்று தேதி கொடுத்தார்களாம். "அந்த வாரந்தானுங்க்கா பெருமாநல்லூர்ல உங்க சாட்சியக் கேட்டேன். உங்களுக்கு ஆனது எனக்கு ஆவாதுங்களா? அதோட ஆஸ்பத்திரிப் பக்கமே போறதில்லீங்க. எண்ணெய்தானுங்க தடவறேன்." பெருமையாகச் சொன்னாள்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் பெருமாநல்லூர் போனேன். என் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் போயிருந்தேன். அடுப்படியில் அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஆபரேஷன் நடந்தது, மேடையில் சொன்னது பொய், இன்றைக்கே கிளம்பு, நானும் கூட வருகிறேன் என்றேன். அவள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். முழுக்க இங்கிலீஷ். திருப்பிக் கொடுத்துவிட்டு என் தாடையைப் பிடித்து நிமிர்த்திக் கழுத்தைப் பார்த்தாள்.

"தழும்பே இல்லீங்களே?"

"வாய் வழியாப் பண்ணுனாங்க கண்ணு. வெளிய தெரியாது."

அவள் சிரித்தாள். "அக்கா, உங்கள எனக்குத் தெரியாதுங்களா? ஆயிரம் பேருக்கு முன்னால, வேதத்தக் கையில வெச்சுட்டு நீங்க பொய் சொல்லுவீங்களா? உங்க ஐயாதானுங்க சொன்னாரு, விசுவாசம் வெச்சா வேண்டியவங்க மூலமாவே சோதனை வரும்னு. இப்ப நீங்களே வந்திருக்கீங்க. இதுக்கெல்லாம் நான் அசரமாட்டனுங்க. காபி குடிங்க."

நான் அழுதேன், திட்டினேன், காலைப் பிடித்தேன். அவள் வீட்டுக்காரரும் கெஞ்சிப் பார்த்தார். நான் அழ அழ அவள் நம்பிக்கை கெட்டிப்பட்டது. அடுப்படியில் சொன்ன உண்மையை, மேடையில் சொன்ன பொய்க்கு முன்னால் அவள் சட்டை செய்யவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் அங்கிருந்து நேரே மைதானத்துக்குப் போனேன். ஐயா கடைசி வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, இன்று மேடையில் அதைத் திருப்பிச் சொல்லப்போகிறேன் என்றேன். கையிலிருந்த நாற்காலியை வரிசையில் நேராக வைத்தார். கோபப்படவில்லை. "இன்னைக்குக் கடைசி நாளு. கூட்டம் முடியட்டும். நான் அந்தப் பிள்ளைகிட்ட தனியாப் பேசுதேன்" என்றார்.

"தனியாச் சொன்னா அவ நம்பமாட்டாளுங்க ஐயா. நான் சொல்லிப் பாத்துட்டேன்."

"சரி. ஒன் சாட்சியக் கேட்டு குடிய விட்டவன் இருக்கான். சாகப்போனவ திரும்பி வந்திருக்கா. அது பொய்யின்னு சொன்னா அவங்க என்ன ஆவாங்க? அதுக்கு ஒங்கிட்ட பதில் இருக்கா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் துளசி அன்று சாயங்காலம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

இரண்டு வேகப் பாட்டு, ஒரு மெதுவான பாட்டு. பிறகு என் சாட்சி நேரம். மைக்கைப் பிடித்தேன். ஜான்சன் வழக்கப்படி மெல்லிதாக வாசிக்கத் தொடங்கினார்.

"எட்டு மாசத்துக்கு முன்னால பெருமாநல்லூர் மேடையில நான் ஒரு சாட்சி சொன்னனுங்க."

"அல்லேலூயா!" என்றது கூட்டம்.

"என் தொண்டையில கத்தி படலைன்னு சொன்னனுங்க."

"ஸ்தோத்திரம்!"

"அது பொய்யுங்க."

"அல்லேலூயா!"

யாருமே கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதும் அவர்கள் பதில் சொல்வதும் பதினைந்து வருடப் பழக்கம். முன் வரிசையில் ஒரு அம்மா கையை உயர்த்திக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது வரிசையில் துளசியும் கையை உயர்த்தியிருந்தாள். நான் என்ன சொன்னாலும் அந்த வாசிப்புக்கு மேலே அது சாட்சியாகத்தான் கேட்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஜான்சன், கைய எடுங்க" என்றேன். அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா மேடைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜான்சன் கையை எடுத்தார். அந்த மேடையில் வாசிப்பு இல்லாமல் நான் பேசியது அதுதான் முதல் தடவை. சத்தம் அடங்குகிறவரை காத்திருந்தேன். பிறகு நாற்காலி நகர்வதுகூடக் கேட்டது.

"கோயமுத்தூர்ல டாக்டர்தானுங்க எனக்கு ஆபரேஷன் பண்ணுனாரு. வாய் வழியாப் பண்ணுனதால தழும்பு இல்லீங்க. நான் வேணும்னேதான் மறைச்சனுங்க. என் பேச்சக் கேட்டு யாராச்சும் வைத்தியத்த நிறுத்தியிருந்தீங்கன்னா, நாளைக்கே போயிருங்க. கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாருங்க."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. துளசி கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஐயா மைக்கை வாங்கினார். சின்னதாக ஒரு ஜெபம் செய்து கூட்டத்தை முடித்தார். அன்று அழைப்பு கொடுக்கவில்லை. அதன்பிறகு என்னை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடவும் இல்லை. கேட்டவர்களிடம், "தங்கச்சி ஓய்வுல இருக்கா" என்று சொன்னாராம். கேசட் கடையில் அப்படியே விற்றுக்கொண்டிருந்தது. நான் கம்பெனிக்குத் திரும்பிப் போய்ச் செக்கிங் மேஜையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாடச் சொல்லவில்லை, நானும் பாடவில்லை.

துளசி மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள். எட்டு மாதத்தில் நோய் முற்றியிருந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல் பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்றார்கள். "சொன்ன தேதிக்கு வந்திருந்தா குரலும் தப்பிச்சிருக்கும்மா" என்று டாக்டர் அவள் வீட்டுக்காரரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆபரேஷன் நடந்த அன்று வராந்தாவின் கோடியில் ஐயா உட்கார்ந்திருந்தார். கையில் வேதாகமம் இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை இருந்தார். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னதும் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று வருடம் கழித்து ஒரு சாவு வீட்டில் என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். அதன்பின் சின்னச் சின்ன சபைகள் கூப்பிட்டன. மறுபடி பெயர் வந்தது, பொன்னாடை வந்தது, பட்டம்கூட ஒன்று வந்தது. அறுபத்திரண்டு வயதுவரை பாடினேன். டாக்டர் சரிசெய்து கொடுத்த தொண்டை ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. அதை நினைத்து நான் சந்தோஷப்பட்டதும் உண்டு, அருவருத்ததும் உண்டு.

துளசிமணி இப்போது பெருமாநல்லூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். கழுத்தில் துளை. பேச வேண்டுமென்றால் டார்ச்லைட் மாதிரி ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்துவாள், ரீங்காரமாகப் பேச்சு வரும். வியாழக்கிழமைதோறும் போய் அவளோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வருவேன். இருபது வருடத்தில் அந்த மேடையைப் பற்றியோ அந்த எட்டு மாதத்தைப் பற்றியோ ஒரு சொல் பேசியதில்லை. போன வியாழக்கிழமை இந்தக் கட்டுரையைக் கொண்டுபோய் இதுவரை எழுதியதை முழுக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடாமல் கேட்டாள். உன் பேரைப் போடலாமா என்றேன். கருவியை எடுத்து, "போடுங்க்கா. ஊருப் பேரையும் போடுங்க" என்றாள்.

அப்போது கேட்டுவிட்டேன். "துளசி, என்னைய மன்னிச்சுட்டியா கண்ணு?"

கருவி அவள் மடியில்தான் இருந்தது. அதை எடுக்கவில்லை. என்னை நேராகப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தமே இல்லாமல், ஆனால் மரியாதை குறையாமல் சொன்னாள்.

"இல்லீங்க."

டம்ளர் இரண்டையும் கழுவி வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வருகிற வியாழக்கிழமையும் போவேன்.